ஒரே 25 லட்சம், மூன்று விலை: எந்த கிரிட்டிக்கல் இல்னஸ் கவர் உண்மையில் மலிவு?

கேள்வி கேட்டவருக்கு வயது 36, ஊர் மதுரை. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், ஒரு பெண் குழந்தை. ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) ஏற்கெனவே இருக்கிறது, ஆபீஸ் கொடுத்த 5 லட்ச ரூபாய் மெடிக்ளைமும் இருக்கிறது. இப்போது 25 லட்சத்துக்கு கிரிட்டிக்கல் இல்னஸ் கவர், அதாவது பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தரும் காப்பீடு, எடுக்கலாம் என்று மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். ஒன்று டெர்ம் பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் ரைடர், இன்னொன்று ஹெல்த் கம்பெனியின் தனி பாலிசி, மூன்றாவது புற்றுநோய்க்கு மட்டுமான பாலிசி. "மூன்றுக்கும் பிரீமியம் ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது? ரைடரில் 15 நோய்தான், தனி பாலிசியில் 36 நோய். எது சார் மலிவு?" என்பது கேள்வி.

நான் திருச்சியில் இருபது வருஷத்துக்கு மேலாக இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறேன். விற்றிருக்கிறேன், கிளெய்முக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு அலைந்தும் இருக்கிறேன். அலைந்ததில் கற்றதுதான் அதிகம். அதனால் நோய்களின் எண்ணிக்கை என்ற சமாசாரத்தை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஐம்பதைத் தொட்ட ஒரு வாடிக்கையாளர் மஞ்சப்பையில் ஃபைலோடு என் ஆபீசுக்கு வந்தார். பாலிசி நான் போட்டுக் கொடுத்ததல்ல. நெஞ்சு வலி வந்து, ஆஞ்சியோ எடுத்து, இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி 10 லட்சத்துக்கு. "ஹார்ட் அட்டாக் கவர் ஆகும்னு ஏஜென்ட் சொன்னாரே" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் பார்த்தேன். அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா என்று எழுதியிருந்தது. ரத்தக் குழாயில் 90 சதவீத அடைப்பு, ஆனால் இதயத் தசை செத்துப்போகவில்லை. பாலிசியின் வரையறைப்படி அது ஹார்ட் அட்டாக் அல்ல. ஈசிஜியில் புதிய மாற்றம், ரத்தத்தில் குறிப்பிட்ட என்சைம் உயர்வு, வலியின் வரலாறு என எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். எந்த வகை ஆஞ்சைனாவும் (இதயத்துக்கு ரத்தம் குறைவதால் வரும் நெஞ்சு வலி) சேராது என்று வெளிப்படையாகவே போட்டிருக்கும். பைபாஸ் என்றாலும் அறுவை சிகிச்சையே நடந்திருக்க வேண்டும், ஸ்டென்ட் அந்தக் கணக்கில் வராது. கிளெய்ம் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி பில்லை அவருடைய மெடிக்ளைம் கட்டியது, அதனால் மனுஷன் தப்பித்தார். அந்தப் பாலிசி அட்டையில் எத்தனை நோய்க்கு கவர் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 22 முக்கிய நோய்களுக்கு வரையறை எப்படி இருக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2016-இலேயே ஒரே மாதிரியாக எழுதிக் கொடுத்துவிட்டது. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு, உறுப்பு மாற்று சிகிச்சை எல்லாம் அதில் அடக்கம். ஆகவே இவற்றைப் பொறுத்தவரை 15 நோய் ரைடரும் 36 நோய் பாலிசியும் கிட்டத்தட்ட ஒரே சொற்களைத்தான் பேசும். நான் பார்த்த கிளெய்ம்களில் பெரும்பாலானவை இந்த நாலைந்தில்தான் விழுகின்றன. எண்ணிக்கையை 36-க்கும் 60-க்கும் தூக்கிவிடும் நோய்களில் பாதியை நீங்கள் மட்டுமல்ல, உங்கள் குடும்ப டாக்டரே நேரில் பார்த்திருக்க மாட்டார். சில கம்பெனிகள் ஆஞ்சியோபிளாஸ்டியை, அதாவது அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சையை, சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு காப்புத் தொகையில் ஒரு பங்குதான் தருவார்கள், பெரும்பாலும் உச்சவரம்பும் இருக்கும். நம் ஊரில் ஸ்டென்ட் எவ்வளவு சகஜம் என்று தெரியும், அதனால் நோய்ப் பட்டியலில் நான் தேடும் ஒரே கூடுதல் பெயர் அதுதான்.

வரையறைகளை ஒரு தடவையாவது பொறுமையாகப் படியுங்கள். பக்கத்துத் திசுவுக்குள் இன்னும் ஊடுருவாத, மிக ஆரம்ப நிலைப் புற்றுநோய் இந்தக் கவரில் பெரும்பாலும் வராது. தைராய்டில் சின்னக் கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வராது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாக இருந்தால்தான் பணம். வந்து சில மணி நேரத்தில் தெளிந்துவிடும் சின்ன ஸ்ட்ரோக்குக்குக் கிடையாது.

இனி விலை. மூன்று கொட்டேஷனிலும் நீங்கள் ஒப்பிட்டது முதல் வருஷ பிரீமியத்தை. அங்கேதான் கணக்கு தடம் மாறுகிறது. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் ரைடரில் பெரும்பாலும் முதல் வருஷம் என்ன பிரீமியமோ கடைசி வருஷமும் அதே. ஹெல்த் கம்பெனியின் தனி பாலிசியில் வயது ஏற ஏற பிரீமியம் ஏறும். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு ஒரு படி. பஸ் டிக்கெட்டுக்கும் மாதாந்திர பாஸுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இன்றைக்கு டிக்கெட் மலிவாகத்தான் தெரியும்.

கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை எந்தக் கம்பெனியின் விலையும் அல்ல, உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்ணை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ரைடர் வருஷத்துக்கு 9,000 ரூபாய், 60 வயது ஆகும்வரை மாறாது. இன்றிலிருந்து 24 வருஷம், மொத்தம் 2,16,000. தனி பாலிசி 36 முதல் 40 வரை 7,000, அடுத்த ஐந்து வருஷம் 12,000, அப்புறம் 20,000, 33,000, 56 முதல் 59 வரை 50,000. கூட்டினால் 5,60,000. முதல் ஐந்து வருஷத்தில் தனி பாலிசிதான் 10,000 ரூபாய் மலிவு. பத்து வருஷத்தில் அது 5,000 ரூபாய் அதிகமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு பக்கத்திலேயே நிற்க முடியாது.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். 58 வயதில் கட்டப்போகும் 50,000 ரூபாயும் இன்றைய 50,000 ரூபாயும் ஒன்றல்ல. வருஷம் 7 சதவீதம் என்று வைத்து எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ரைடர் சுமார் 1,10,000, தனி பாலிசி சுமார் 2,12,000. இரண்டரை மடங்குக்கு மேல் இருந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்குக் கீழே வருகிறது. அப்படியும் ரைடர்தான் மலிவு. தனி பாலிசியின் இந்தப் படிகளும் இன்றைய விலைப்பட்டியல்தான். மருத்துவச் செலவும் கிளெய்மும் கூடக் கூட கம்பெனி பட்டியலையே மாற்றலாம். மூத்த குடிமக்களுக்கு மட்டும் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஐஆர்டிஏஐயிடம் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு வர இன்னும் 24 வருஷம் இருக்கிறது.

ரைடரிலும் ஒரு கண்ணி உண்டு. சில கம்பெனிகளில் பிரீமியம் ஐந்து வருஷத்துக்குத்தான் உறுதி, அதற்கப்புறம் மாற்றலாம் என்று பாண்டில் (பாலிசிப் பத்திரத்தில்) ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் மேலே போட்ட ரைடர் கணக்கு செல்லாது. ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாமல், "இந்த ரைடரின் பிரீமியம் முழுக் காலத்துக்கும் உறுதியா, இல்லை மறுபரிசீலனை உண்டா" என்று கம்பெனிக்கே மெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் ரைடரை எடுத்துவிடலாமா? பொறுங்கள். உங்களுக்குக் கொடுத்திருப்பது எந்த ரைடர்? இரண்டு வகை இருக்கிறது. ஒன்று டெர்ம் தொகையிலிருந்தே எடுத்து முன்கூட்டித் தருவது, ஆக்ஸிலரேட்டட் என்பார்கள். இன்னொன்று டெர்ம் தொகையைத் தொடாமல் தனியாகத் தருவது. முதல் வகையில் உங்களுக்கு 42 வயதில் புற்றுநோய் வந்தால் 25 லட்சம் கைக்கு வரும், ஒரு கோடி 75 லட்சமாகிவிடும். அந்த 25 லட்சம் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் ஒதுக்கிவைத்த பணம். புற்றுநோய் வந்தவருக்கு மறுபடி டெர்ம் பாலிசி கிடைப்பது குதிரைக் கொம்பு, போனது போனதுதான். முதல் வகை மலிவாக இருப்பதன் ரகசியம் இதுவே. பிறகு உங்கள் குடும்பத்துக்குத் தரவேண்டிய பணத்தைத்தான் கம்பெனி முன்னாடியே தருகிறது. இரண்டாம் வகையில் பிரீமியம் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைக் கட்டுவதில் தப்பில்லை.

ஆக்ஸிலரேட்டட் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் வேறு வழி, டெர்மையே 25 லட்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வது. 36 வயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்கு அந்தக் கூடுதல் 25 லட்சத்துக்கான பிரீமியம் பெரிதாக வராது. அதையும் ரைடர் விலையோடு கூட்டி, அப்புறம் மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். அப்போதுதான் ஆப்பிளோடு ஆப்பிள்.

ரைடருக்கு இன்னும் இரண்டு கட்டுப்பாடு. அதன் பிரீமியம் மூல பாலிசியின் பிரீமியத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. சின்ன வயதில் டெர்மை மலிவாக எடுத்தவர்கள் பிறகு பெரிய ரைடர் கேட்டால் கம்பெனி கையை விரிப்பது பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்று, ரைடர் டெர்மின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். எப்போதாவது டெர்ம் பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆனால் ரைடரும் போய்விடும். தனி பாலிசிக்கு அந்தக் கவலை இல்லை, அறுபதுக்குப் பிறகும் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வேலை மாற்றத்தில் ஒரு வருஷம் டெர்ம் பிரீமியத்தைத் தவறவிடும் ஆள் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தோன்றினால் தனி பாலிசியையும் யோசிக்கலாம்.

சர்வைவல் பீரியட் பற்றி ஒரு வார்த்தை. நோய் உறுதியான பிறகு 30 நாள் உயிரோடு இருந்தால்தான் பணம் என்று பல பாலிசிகளில் இருக்கும். சிலவற்றில் 14 நாள், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. "பூஜ்யம் நாள்" என்று விளம்பரம் செய்து அதற்கு விலை கூட்டுவார்கள். உங்களிடம் டெர்ம் இருக்கிறது. பெரிய ஹார்ட் அட்டாக் வந்து பத்தாவது நாளில் எதாவது ஆனால் டெர்ம் ஒரு கோடி தரும். ஆகவே அந்த வசதிக்கு நீங்கள் கூடுதல் காசு கொடுப்பது வீண். டெர்மே இல்லாதவருக்குத்தான் அது முக்கியம். ஆரம்பக் காத்திருப்பு, அதாவது பாலிசி தொடங்கியதும் கவர் கிடைக்காத காலம், 90 நாள் என்பது பெரும்பாலான இடத்தில் வழக்கம், அதை வைத்து ஒப்பிட அதிகம் இல்லை.

பழைய கொட்டேஷன்களையும் இணையத்தில் கிடக்கும் பழைய ஒப்பீடுகளையும் பார்க்கும்போது தேதியைக் கவனியுங்கள். தனிநபர் ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஒரு கொட்டேஷனில் வரியோடு, இன்னொன்றில் வரி இல்லாமல் என்று இருந்தால் ஒப்பீடு கோணலாகிவிடும். ஆபீஸ் மூலம் எடுக்கும் குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு இல்லை. வரிச் சலுகையைப் பொறுத்தவரை பழைய வரி முறையில் இருந்தால் மட்டும் 80டி என்று நாம் பழகிய கழிவில் மெடிக்ளைமோடு சேர்த்து 25,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய முறைக்கு மாறிவிட்டவர்கள் அதை மறந்துவிடலாம். வரிக்காக இதை எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

குரூப் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஆபீசில் கிரிட்டிக்கல் இல்னஸை ஊழியர் தன் காசில் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் விலையை விசாரியுங்கள். இருபத்தைந்து வயதுக்காரரையும் ஐம்பது வயதுக்காரரையும் ஒன்றாகப் போட்டு விலை வைப்பதால் வயதானவர்களுக்கும், சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கும் அது லாபம். மருத்துவப் பரிசோதனையும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். வேலையை விட்ட அன்றைக்கு அது முடிந்துவிடும் என்பதுதான் குறை. உங்கள் வயதில் அதை நம்பி உட்காராதீர்கள், துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுகர் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று கேள்வியில் எழுதவில்லை. இருந்தால் எழுதிக் கொடுங்கள். லோடிங் என்று பிரீமியத்தைக் கூட்டுவார்கள், பரவாயில்லை. மறைத்து எடுத்த மலிவு பாலிசி கிளெய்ம் நேரத்தில் விலை சொல்லும். ஹெல்த் பாலிசியில் தொடர்ந்து 60 மாதம் ஓடிய பிறகுதான் மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஆயுள் பாலிசியிலும் அதன் ரைடரிலும் இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி அந்தக் காலம் மூன்று வருஷம்.

மூன்றாவது கொட்டேஷன், புற்றுநோய்க்கு மட்டுமானது. இது மலிவாக இருப்பது இயல்பு, ஒரே ஒரு நோய்க்குத்தானே விலை. ஆனால் மற்ற இரண்டிலும் பெரும்பாலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. ஊடுருவாத ஆரம்ப நிலைக்கும் ஒரு பங்கு, வழக்கமாக 25 சதவீதம், தருவார்கள். உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன், ஆண்களுக்கு ஐம்பதில் இதயம்தான் முதலில் மிரட்டும். உங்கள் மனைவிக்கு எடுக்கலாம். சம்பளம் இல்லாதவர் என்று டெர்ம் கம்பெனிகள் அவருக்குப் பெரிய தொகை தரத் தயங்கும். மார்பகப் புற்றுநோய் ஊடுருவாத ஆரம்ப நிலையிலேயே மேமோகிராமில் தெரிந்தால் சாதாரண கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி கையை விரிக்கும், இது ஒரு பங்காவது கொடுக்கும். அவர் படுத்துவிட்டால் சமையலுக்கும் குழந்தைக்கும் ஆள் வைக்க வேண்டிவரும் என்பதை எந்த இன்சூரன்ஸ் கால்குலேட்டரும் கேட்பதில்லை.

25 லட்சம் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விலை அதைப் பொறுத்ததுதான். இந்த வகை பாலிசி 1983-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. அதற்கு வித்திட்டவர் இன்சூரன்ஸ்காரர் அல்ல, மாரியஸ் பர்னார்ட் என்ற இதய அறுவை மருத்துவர். 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று சிகிச்சை செய்த கிறிஸ்டியன் பர்னார்டின் தம்பி. நோயாளியைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினால், பிழைத்த பிறகு பணமில்லாமல் அவதிப்படுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர் இதை யோசித்தார். ஆக ஆஸ்பத்திரி பில்லுக்காக வந்த பாலிசி அல்ல இது. பில்லைக் கட்ட மெடிக்ளைம் இருக்கிறது. இது ஒன்றரை, இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் போனால் வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மதுரையிலிருந்து சென்னைக்கும் வேலூருக்கும் துணையோடு போய் ரூம் எடுத்துத் தங்கும் செலவு, கூட வருபவரின் சம்பள இழப்பு இவற்றுக்கு. உங்கள் இரண்டு வருஷச் சம்பளமும் கடன் தவணையும் சேர்த்து எவ்வளவோ அதுதான் தொகை. அது 18 லட்சம் என்று வந்தால் 25-க்கு விலை கேட்காதீர்கள்.

அப்படிப் பார்த்தால் உங்கள் வரிசையே மாறுகிறது. ஆபீசின் 5 லட்சம் மெடிக்ளைம் வேலையோடு போய்விடும். முதலில் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மெடிக்ளைம், அதன்மேல் ஒரு சூப்பர் டாப் அப் (ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும் கூடுதல் பாலிசி). அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் பட்ஜெட்டில் டெர்ம் தொகையைத் தொடாத ரைடர், 60 அல்லது 65 வயது வரை, பிரீமியம் முழுக்க உறுதி செய்தது. 75 வரை இழுத்தால் விலை எகிறும். அந்த வயதில் ஈடுகட்டச் சம்பளமும் இருக்காது. உங்கள் டெர்ம் கம்பெனி இப்போது ரைடரைச் சேர்க்க மறுத்தால், ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளே விற்கும் நிலையான பிரீமியம் கொண்ட தனி கிரிட்டிக்கல் இல்னஸ் திட்டங்களுக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். வயதோடு ஏறும் தனி பாலிசிக்கு நான் அதற்கப்புறம்தான் போவேன்.

பாண்டு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் உண்டு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வரவேற்புக் கடிதத்தையும் பளபள அட்டையையும் தள்ளிவிட்டு வரையறைப் பக்கத்தை எடுங்கள். புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றுக்கும் எது எது சேராது என்ற வரிகளைப் பென்சிலில் அடிக்கோடிட்டு, மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். கிளெய்ம் ஃபார்மை நிரப்பப்போவது பெரும்பாலும் அவர்தான்.